பிளாஸ்மா 6 வந்த பிறகு யார் பேசினார்கள், யார் வராமல் போனார்கள்: பட்டர்வொர்த் கணினி அறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 செப்டம்பர் நடுவில் எங்கள் கணினி அறையின் டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் தெரியும் பட்டை, விண்டோ, கோப்புறை எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருளை, பிளாஸ்மா 5இல் இருந்து பிளாஸ்மா 6க்கு மாற்றினோம். அப்போதில் இருந்து அக்டோபர் கடைசி வரை அறையில் நடந்ததை எழுதி வைக்கிறேன். யார் பெயரும் போடவில்லை. லினக்ஸ் கணினிகளைப் பலருக்காகப் பராமரிப்பவர்கள், அதிலும் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்காகப் பராமரிப்பவர்கள், அடுத்த தடவை டெஸ்க்டாப்பை மாற்றும் முன் ஒருமுறை படித்தால் நல்லது.

பின்னணி

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அறை. பெரியவர்கள் சிலர் சேர்ந்து வாடகை கொடுத்து நடத்துகிறார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்வது நானும் இன்னொரு தம்பியும். அவர் பினாங்குத் தீவுப் பக்கம், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை செய்கிறவர். பிற்பகலில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும் அச்செடுக்கவும் இளைஞர்கள் எப்போதாவது வருவார்கள். செவ்வாயும் வியாழனும் மாலையில் பெரியவர்கள் ஒன்பது பேர் வருவார்கள், அவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சு வகுப்பு. ஓய்வுபெற்ற டீச்சர்கள் மூன்று பேர், கோயில் அறிவிப்பு தயாரிக்கிறவர் ஒருவர். செபராங் பிறையில் தாம் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் கதையை எழுதிக்கொண்டிருக்கும் 73 வயது ஐயா ஒருவர். இந்த எழுத்தில் அவர் அடிக்கடி வருவார்.

எட்டுக் கணினி, எல்லாமே பழசு. 2023 நடுவில் இருந்து டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை, அதன் மேல் கேடிஇ குழு தரும் பிளாஸ்மா 5.27 டெஸ்க்டாப். தமிழுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதில் எம்17என் தொகுப்பு தரும் தமிழ்99 விசைப்பலகை முறை. விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறும். இரண்டு வருஷம் பெரிய புகார் எதுவும் இல்லை. அறை மேசையில் ஒரு நோட்டுப்புத்தகம் கிடக்கும், பிரச்சினை இருந்தால் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், வாரக்கடைசியில் நாங்கள் பார்ப்போம்.

ஏன் மாற்றினோம்

அவசரம் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெபியன் 12க்கு 2026 ஜூன் வரை முழு ஆதரவு உண்டு, அதற்குப் பிறகு நீண்டகால ஆதரவும் உண்டு. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியப்போகிறது என்பதால் ஓர் அலுவலகம் ஐந்து கணினிகளைக் கழித்தது. 7ஆம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 ஏற்காத ரகம். லினக்ஸுக்கு அது அருமையான பெட்டி. அவற்றை வாங்கிக்கொண்டோம். ஆகஸ்ட் 9 அன்றுதான் டெபியன் 13 வந்திருந்தது, அதில் பிளாஸ்மா 6.3. புதிய ஐந்திலும் 13 போட்டால் பழைய எட்டிலும் அதையே போட்டுவிடலாம், பதின்மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் எங்களுக்குப் பராமரிப்பு சுலபம் என்று நினைத்தோம்.

இன்னொரு காரணமும் இருந்தது. என் வீட்டு மடிக்கணினியில் ஒரு வருஷத்துக்கு மேலாக பிளாஸ்மா 6தான் ஓடுகிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. 2024 பிப்ரவரி 28 அன்று 6.0 வந்தபோதே வெளியீட்டுக் குறிப்பை வரிவரியாகப் படித்தவன் நான். கோப்பைத் திறக்க இனிமேல் இரண்டு சொடுக்கு, கீழ்ப் பட்டை திரையின் விளிம்பைத் தொடாமல் மிதந்து நிற்கும், விண்டோக்களைத் திரையில் காட்டி விசை அழுத்தத்தை நிரல்களுக்குக் கொண்டுசேர்க்கும் அடித்தளமாக எக்ஸ்11க்குப் பதில் வேலேண்ட்தான் இயல்பு, உருள்பட்டையில் வெற்றிடத்தைச் சொடுக்கினால் நேராக அந்த இடத்துக்கே தாவும், எல்லாம் எனக்குத் தெரியும். இவை எல்லாம் நல்ல மாற்றம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். உலகத்தில் பெரும்பாலானவர்கள் விண்டோஸில் இருந்து வருகிறவர்கள், அவர்களுக்கு இரட்டைச் சொடுக்குதான் பழக்கம், ஆகவே கேடிஇ எடுத்த முடிவு சரி என்பது என் கட்சி. இன்றைக்கும் பொதுவான பயனருக்கு அது சரி என்றே சொல்வேன். எங்கள் மாலை வகுப்புக்கு அது சரியா என்று நான் யோசிக்கவே இல்லை.

மாற்றிய விதம்

செப்டம்பர் 13, 14, சனி ஞாயிறு. பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம். இரண்டு நாளில் பதின்மூன்று கணினியிலும் புதிதாக நிறுவினோம். பழைய கணினிகளில் இருந்து ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அமைப்புக் கோப்புகளைக் கொண்டுவராமல் விட்டோம். பிளாஸ்மா 5க்கு எழுதிய விட்ஜெட்டுகள் (திரையில் வைக்கும் சின்ன நிரல்கள்) 6இல் ஓடாது, பழைய தீம்களும் அப்படியே பொருந்தாது, குப்பையோடு தொடங்குவதைவிடச் சுத்தமாகத் தொடங்கலாம் என்பது தம்பியின் யோசனை. நானும் ஒத்துக்கொண்டேன். அதனால் இரண்டு வருஷமாக அங்கங்கே சின்னச் சின்னதாகச் செய்து வைத்திருந்த மாற்றங்கள் எல்லாம் போயின.

சோதித்தோமா என்றால் சோதித்தோம். அச்சுப்பொறி ஓடுகிறதா, இணையம் வருகிறதா, லிப்ரே ஆபிஸ் திறக்கிறதா. தமிழுக்கு ஃபயர்பாக்ஸைத் திறந்து தேடல் பெட்டியில் 'வணக்கம்' அடித்தேன், வந்தது. சரி என்று அடுத்த கணினிக்குப் போனேன். பதின்மூன்று கணினியிலும் தமிழுக்குச் செய்த சோதனை அந்த ஒரு சொல்தான்.

முதல் வாரம்: நோட்டுப்புத்தகம் நிறைந்தது

மலேசிய தினத்துக்கு அடுத்த நாள், 17ஆம் தேதி, அறையைத் திறந்தோம். பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள். திரையைப் பார்த்ததுமே கூச்சல். "அண்ணே, கீழே உள்ள பார் உடைஞ்சு போச்சா, தனியா நிக்குது" என்று ஒருத்தி. விண்டோவைப் பெரிதாக்கினால் பட்டை விளிம்போடு ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்து அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள் இரண்டு பையன்கள். சுவர்ப்படம் பிடிக்கவில்லை, பழைய படம் எங்கே, ஆல்ட் டேப் அழுத்தினால் வேறு மாதிரி வருகிறது, இப்படிப் போனது. மவுஸை வேகமாக ஆட்டினால் அம்புக்குறி பெரிதாகும் வசதி ஒன்று 6.1இல் வந்தது, அதைக் கண்டுபிடித்த அன்று அறையில் யாரும் பாடம் படிக்கவில்லை. நான்காம் படிவ மாணவர் ஒருவர் நோட்டில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார், பழைய தோற்றம்தான் அழகு, யாரையும் கேட்காமல் மாற்றியது தப்பு என்று. கோபமாக எழுதினாலும் தெளிவாக எழுதியிருந்தார்.

அந்த வாரக்கடைசியில் நோட்டைப் புரட்டினோம். முழுக்கத் தோற்றம் பற்றித்தான் இருந்தது. நாங்கள் அதை மும்முரமாக எடுத்துக்கொண்டோம். சுவர்ப்படத்தை மாற்றினோம், நிறக்கலவையை மாற்றினோம். மேசைத் திரைகள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் வசதியைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினோம், கனசதுரமாகச் சுழலும் திரையையும் காட்டினோம். பள்ளி திறந்த பிறகு தோற்றத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. அரைப் பக்கம் எழுதிய மாணவரே பட்டையை மேலே நகர்த்தி, தன் விருப்பப்படி அமைத்து, பக்கத்தில் இருந்தவனுக்கும் அமைத்துக் கொடுத்தார்.

கேடிஇ 4.0 2008 ஜனவரியில் வந்தபோதும், இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பான குனோமின் 3ஆம் பதிப்பு 2011இல் வந்தபோதும் பயனர்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். குனோம் 3 பிடிக்காமல்தான் குனோம் 2ஐ மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார்கள், லினக்ஸ் மின்ட்காரர்கள் சின்னமன் என்ற தனி டெஸ்க்டாப்பைக் கட்டினார்கள். அதோடு ஒப்பிட்டால் பிளாஸ்மா 6 அமைதியாகவே வந்தது. எங்கள் அறையிலும் அந்த அமைதி ஐந்தாறு நாளில் வந்துவிட்டது என்று நானும் தம்பியும் திருப்திப்பட்டோம். ரோத்தி சானாய் கடையில் உட்கார்ந்து, "இவ்வளவுதானா, பயந்தது வீண்" என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் வாரம்: மாலை வகுப்பு

18ஆம் தேதி வியாழன் மாலை ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். அன்று நான் அறையில் இருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் சீக்கிரமே எழுந்து போனார்கள். அடுத்த செவ்வாய் ஏழு பேர். அதற்கடுத்து ஐந்து. செப்டம்பர் 30 அன்று நான்கு பேர்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது, புரட்டாசி மாதம், வீட்டிலும் கோயிலிலும் வேலை இருக்கும். தீபாவளி அக்டோபர் 20, பலகாரம் போடுகிறவர்கள் அப்போதே தொடங்கிவிடுவார்கள். வருகை குறைந்ததற்கு எங்களிடம் நல்ல விளக்கம் தயாராக இருந்தது. நோட்டுப்புத்தகத்திலும் பெரியவர்கள் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால் நாங்கள் எதையும் தேடவில்லை.

சரஸ்வதி பூசை அன்று

அக்டோபர் 1, புதன். அறையில் சின்னதாக ஒரு பூசை. கணினிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், சுண்டல் கொடுத்தோம். வகுப்புக்கு வராமல் போன டீச்சர் ஒருவர் அன்று வந்திருந்தார். அடுத்த வாரம் வருவீர்களா டீச்சர் என்று கேட்டேன். "இல்ல தம்பி, எனக்கு வயசாயிருச்சு. கை முன்ன மாதிரி இல்ல. நா எதையோ தொட்டு எல்லாருடைய பைலையும் கெடுத்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

ஒரு கணினி முன் உட்கார்ந்து எப்போதும் செய்வதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கை லேசாக நடுங்கும், அது பல வருஷமாகவே உண்டு. தன் கோப்புறை மேல் ஒரு சொடுக்கு கொடுத்தார். திறக்கவில்லை, நிறம் மட்டும் மாறியது. இன்னொரு சொடுக்கு, ஆனால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி அதிகம், ஆகவே அதுவும் தனிச் சொடுக்காகவே போயிற்று. மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியபடியே கை நகர்ந்துவிட்டது. கோப்புறை இழுபட்டுப் பக்கத்தில் இருந்த இன்னொருவருடைய கோப்புறை மேல் விழுந்தது. நகர்த்தவா, நகலெடுக்கவா, இணைப்பு போடவா என்று ஒரு பட்டியல் எழுந்தது. அவர் பயந்து முதலில் இருந்ததை அழுத்தினார். அவர் பாடக்குறிப்பு முழுவதும் கோயில் அறிவிப்புக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்தது.

பிளாஸ்மா 5இல் ஒரு சொடுக்கிலேயே கோப்பு திறக்கும். கேடிஇயில் பல வருஷமாக இருந்த பழக்கம் அது. கை நடுங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் கவனித்ததில்லை, ஏனென்றால் உதவியாக இருக்கும் ஒன்றைப் பற்றி யாரும் நோட்டில் எழுத மாட்டார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு சொடுக்கோ ஒன்றோ, ஐந்து நிமிஷத்தில் பழகிவிட்டது. நான் நினைத்ததற்கு நேர் மாறாக இருந்தது இது: விண்டோஸில் பழகிய பெரியவர்களுக்கு இரட்டைச் சொடுக்கு இயல்பு, போனில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம் என்று நம்பியிருந்தேன்.

அன்று இரவே மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். வெவ்வேறு குரலில் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். கணினி சரியாகத்தான் இருக்கிறது, தங்களுக்குத்தான் மறந்துபோகிறது என்றார்கள். ஒருவர்கூட 'நீங்கள் மாற்றியதால் வந்தது' என்று சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தோட்டத்து ஐயா

அவரைப் பார்க்க நேரில் போனேன், வீடு பிறைப் பக்கம். மேசையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, நாற்பது பக்கத்துக்கு மேல் கையால் எழுதியிருந்தார். "கம்ப்யூட்டர்ல தமிழ் வரல தம்பி. சில நேரம் வருது, சில நேரம் வரல. நான் எந்தக் கீயையோ மறந்துட்டேன் போல."

மறுநாள் அறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துப் பார்த்தோம். அவர் மறக்கவில்லை. ஃபயர்பாக்ஸில் மொழி மாறியது. வேறு சில விண்டோக்களில் மாறவில்லை. மாற்றிவிட்டோம் என்று நினைத்து அவர் அடித்தால் ஆங்கில எழுத்து வந்தது. அவர் திரையைப் பார்த்து அடிப்பவர் இல்லை, விசையைப் பார்த்து அடிப்பவர், அதனால் ஒரு பத்தி முடித்து நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்படி மூன்று தடவை அழித்துவிட்டு எழுந்து போனாராம்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தமிழ்க்காரர்களுக்கு இது முக்கியம். எக்ஸ்11 என்பது 1987இல் வந்த அமைப்பு. அதில் எந்த நிரலும் விசைப்பலகையில் நடப்பதை எல்லாம் ஒட்டுக்கேட்கலாம். பாதுகாப்புக்கு அது மோசம், ஆனால் ஐபஸ் போன்றவை எந்த விண்டோவில் இருந்தாலும் மொழிமாற்று விசையைப் பிடித்துக்கொள்ள அதுதான் வழியாக இருந்தது. 2008இல் தொடங்கிய வேலேண்ட் அந்தக் கதவை மூடியது. விசை அழுத்தம் முதலில் திரையை ஆளும் நிரலுக்குப் போகும், பிளாஸ்மாவில் அது கேவின். கேவின் யாருக்குக் கொடுக்கிறதோ அவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே உள்ளீட்டுக் கருவியைக் கேவினுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதற்கான இடம் அமைப்புகளில் 'மெய்நிகர் விசைப்பலகை' என்ற பக்கத்தில் இருக்கிறது, அங்கே 'ஐபஸ் வேலேண்ட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் தொட்டு அடிக்கும் விசைப்பலகைக்கான பக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நாங்களும் அப்படி நினைத்துத் தாண்டிப் போயிருந்தோம்.

இதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு தப்பான வழியிலும் போனோம். ஐபஸே வேண்டாம், பிளாஸ்மாவின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 இருக்கிறதே, அதைச் சேர்த்துவிடலாம் என்றார் தம்பி. சேர்த்தோம், மொழி எல்லா விண்டோவிலும் ஒழுங்காக மாறியது. ஐயா 'பட்டம்' என்று அடித்தார், திரையில் 'படடம்'. 'பந்தம்' அடித்தார், 'பநதம்'. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதில் தானாகப் புள்ளி விழுவதும், ந வந்து த வந்தால் ந்த ஆவதும் தமிழ்99இன் அடிப்படை விதிகள். முன்னால் என்ன எழுத்து இருந்தது என்று பார்த்து முடிவெடுக்கும் வேலை அது. வெறும் விசை வரைபடத்துக்கு அந்த மூளை கிடையாது, ஐபஸ் மாதிரி உள்ளீட்டுக் கருவி ஒன்று நடுவில் இருந்தே ஆக வேண்டும். 'வணக்கம்' என்ற சொல்லில் க்க இருக்கிறதே, நீங்கள் அதைத்தானே சோதித்தீர்கள் என்று கேட்கலாம். ஃபயர்பாக்ஸில் ஐபஸ் ஓடியது, ஆகவே வந்தது. மற்ற நிரல்களில் நான் அடித்துப் பார்க்கவே இல்லை.

மற்றவை சுருக்கமாக

நீண்ட பிடிஎஃப் படிக்கும் ஒருவருக்கு உருள்பட்டையின் வெற்றிடத்தைச் சொடுக்கிப் பக்கம் பக்கமாக இறங்குவது பழக்கம். இப்போது சொடுக்கினால் ஆகுலர் என்ற பிடிஎஃப் நிரல் நேராக நடுப்பகுதிக்குத் தாவியது, புத்தகம் கெட்டுவிட்டது என்று விட்டுவிட்டார். இணைய வகுப்பு எடுக்கும் டீச்சருக்குத் திரையைப் பகிரும்போது எந்தத் திரை என்று அனுமதி கேட்கும் பெட்டி வந்தது, ஏதோ திருட்டு நிரல் என்று பயந்து மூடினார். மவுஸை ஆட்டினால் அம்புக்குறி பெரிதாவது பார்வை மங்கிய ஒருவருக்கு வரப்பிரசாதம், கை நடுங்கும் டீச்சருக்கோ அம்பு அடிக்கடி தானாக ஊதிப் பெருத்துத் திரையை மறைத்தது. தம்பி வீட்டில் இருந்தபடியே கணினிகளைச் சரிசெய்யப் பயன்படுத்திய எக்ஸ்11விஎன்சியும் வேலேண்டில் ஓடவில்லை. அதற்கு மட்டும் 6.1இல் இருந்து பிளாஸ்மாவோடு வரும் தொலைமேசை வசதியைப் போட்டுக்கொண்டார், நன்றாகவே இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

திரும்ப டெபியன் 12க்கே போய்விடலாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். போகலாம் என்றார் தம்பி, தீபாவளிக்குள் பெரியவர்கள் நிம்மதியாக வேலை செய்யட்டும் என்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். பார்வை மங்கியவர்கள் இரண்டு பேருக்குத் திரையை 125 விழுக்காட்டு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தோம், 6.3இல் அந்தப் பின்ன அளவுப் பெரிதாக்கல் நன்றாகத் திருந்தி எழுத்து கூர்மையாகத் தெரிகிறது, அவர்கள் இருவரும் அதை விட மனமில்லாமல் இருந்தார்கள். இன்னொன்று, டெபியன் 13இன் ஆயுள் முழுக்க பிளாஸ்மா 6.3தான் இருக்கும், நடுவில் மாறாது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் அடுத்த சில வருஷம் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். மூன்றாவதாக, மறுபடி எல்லாவற்றையும் புரட்டினால் அது இன்னொரு பெரிய மாற்றம், இந்தத் தடவை பண்டிகைக்கு முந்திய வாரத்தில். கடைசியில் தம்பி ஒத்துக்கொண்டார், ஆனால் தோட்டத்து ஐயாவுக்கு அன்றைக்கே வேலை நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதுவரை ஒரு கணினிக்கு ஒரு பொதுக் கணக்கு என்று வைத்திருந்தோம், பிள்ளைகளும் பெரியவர்களும் அதிலேயே. அதை உடைத்தோம். ஒவ்வொரு கணினியிலும் 'பிற்பகல்' என்று ஒரு கணக்கு, 'மாலை' என்று ஒரு கணக்கு. பிற்பகலில் பிளாஸ்மா 6 தந்தபடியே. மாலையில் ஒரு சொடுக்கில் திறக்கும், உருள்பட்டை பக்கம் பக்கமாக இறங்கும், பட்டை விளிம்போடு ஒட்டியே நிற்கும். இவை எல்லாமே அமைப்புகளில் சாதாரணமாகக் கிடைக்கிற தேர்வுகள்தான், ஒரு கணினியில் செய்துவிட்டு அமைப்புக் கோப்புகளை மற்றவற்றுக்கு நகலெடுத்தோம், ஒரு மாலை வேலை. எவ்வளவு சின்ன வேலை என்று நினைக்கும்போதுதான் மூன்று வாரம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது உறுத்துகிறது. டீச்சர் கணினியில் அம்பு பெரிதாகும் வசதியை நிறுத்தினோம்.

தமிழுக்கு எல்லாக் கணினியிலும் ஐபஸ் வேலேண்டைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு பயன்பாட்டில் உள்ள ஒவ்வொரு நிரலிலும் ஒரு முழுப் பத்தியை அடித்துப் பார்த்தோம், ஐயாவின் நோட்டில் இருந்து எடுத்த பத்தி. பெரும்பாலானவற்றில் சரி. சிலவற்றில் மொழி மாற்றும்போது இன்னும் தயங்கியது. ஆகவே ஐயாவும் கோயில் அறிவிப்பு தயாரிக்கிறவரும் உட்காரும் இரண்டு கணினிகளில் மட்டும், உள்நுழையும்போது வேலேண்டுக்குப் பதில் எக்ஸ்11 அமர்வு வரும்படி வைத்தோம். பாதுகாப்பு குறைவுதான், ஆனால் அவர்கள் நாள் முழுக்க எழுதுவது தமிழ், அது தடுமாறக் கூடாது.

இடம் மாறிய கோப்புகளைத் தேடி எடுத்து உரியவரிடம் சேர்க்க இரண்டு மாலை ஆனது. ஒன்றும் அழியவில்லை. டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எங்கே போயிருந்தது என்று காட்டிக்கொண்டேதான் எடுத்தோம். அவர் மனசில் தான் கெடுத்துவிட்டதாக இருந்த எண்ணம் போக வேண்டும் என்பதற்காக.

பிறகு நடந்தது

தீபாவளி கழிந்த வியாழன், அக்டோபர் 23 அன்று, ஏழு பேர் வந்தார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் மகள் வீட்டுக்குக் கிள்ளான் போய்விட்டார், அது வேறு காரணம். இன்னொருவர் போனிலேயே பேசி எழுதிக்கொள்கிறேன், இனிமேல் வரவில்லை என்றார். வீட்டுக்குப் போய்ப் பேசியும் பார்த்தேன், மரியாதையாக மறுத்துவிட்டார். அவரை இழந்தது எங்களால்தான்.

டீச்சர் வருகிறார். பாடக்குறிப்பைத் திரும்ப ஒழுங்குபடுத்திவிட்டார். ஐயாவின் நாற்பது பக்கத்தைப் பிள்ளைகளை வைத்து அடித்துத் தருகிறோம் என்று சொன்னோம், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கும்போதுதான் விட்டுப்போனது நினைவுக்கு வரும் என்று தானே அடிக்கிறார், அக்டோபர் முடிவில் பாதி தாண்டியிருந்தார்.

இன்று செய்வதாக இருந்தால்

ஐந்து புதுக் கணினியில் ஒன்றை மட்டும் மூலையில் வைத்து, பழைய எட்டும் அப்படியே ஓட, ஒரு மாதமாவது விட்டிருப்பேன். யார் வேண்டுமானாலும் அதில் உட்கார்ந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து பழைய கணினிக்குப் போகலாம். முதலில் உட்கார வைக்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, கை நடுங்கும் டீச்சரையும் தமிழ்99 ஐயாவையும். நவராத்திரிக்கு முந்திய வாரத்தைத் தொடவே மாட்டேன், வருகை குறைந்தால் காரணம் தெரியாமல் போகும். இயல்பாக மாறியவை எவை என்று ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பேன், 'திறக்க இரண்டு சொடுக்கு, இது கணினி மாறியதால், உங்கள் கையால் அல்ல' என்ற அளவில்.

நோட்டுப்புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறோம், ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தைரியம் உள்ளவர்கள், கணினி தப்பு என்று சொல்லத் தெரிந்தவர்கள். இப்போது வருகைப் பதிவும் வைக்கிறோம். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவருக்கு யாராவது ஒருவர் போன் போடுவது என்று முறை வைத்திருக்கிறோம்.

எக்ஸ்11 இரண்டு கணினிகள் நிரந்தரம் அல்ல. நவம்பர் இறுதியில் கேடிஇ அறிவித்துவிட்டது, பிளாஸ்மா 6.8இல் இருந்து வேலேண்ட் மட்டும்தான், பழைய அமர்வுக்கான ஆதரவு 2027 தொடக்கம் வரை என்று. டெபியன் 13இல் இருக்கும்வரை எங்களுக்கு அது ஓடும். அதற்குப் பிறகு என்ன என்பதற்காக, மூலையில் ஒரு கணினியில் வேலேண்டும் ஐபஸும் வைத்து, மாதம் ஒருமுறை ஐயா ஒரு பக்கம் அடித்துப் பார்க்கிறார். போன தடவை இரண்டு நிரல்களில் தயக்கம் இருந்தது. எந்த நிரல், எந்த விசை என்று அவரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.